ஐந்து வாரம் வராத மடிக்கணினி

1

இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி ஐந்து வாரம் குடியிருந்தது. வாங்காத மடிக்கணினி. சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிய பேச்சு. டிராமில் போகும்போது கைபேசியில் அதன் படம். சவரம் செய்யும்போது அதன் விலை இறங்குமா என்ற யோசனை. எல்லாம் இருந்தது, பொருளைத் தவிர.

எனக்காக வாங்க வேண்டியது அல்ல அது. எர்ணாவூரில் இருக்கும் என் அக்கா விஜயாவின் மகள் ஹேமாவுக்கு. பி.காம் முடித்த கையோடு ராயபுரம் பக்கம், கப்பலில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாடு போகும் கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்கிற வேலை. வாரத்தில் பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீடு. சொந்த மடிக்கணினி வேண்டும் என்பது நிபந்தனை. சேரும் நாளன்று அதிலேயே ஒரு தட்டச்சுச் சோதனை வைப்பார்கள். அதில் தேறினால்தான் வேலை உறுதி.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"சேகரு, பொண்ணுக்கு வேல கெட்ச்சிடுச்சுடா. லேப்டாப் ஒண்ணு வோணுமாம். இவரு வண்ணாரப்பேட்டைல போய் விசாரிக்கிறேன்றாரு."

"அங்கல்லாம் வாங்காதீங்கக்கா," என்றேன். "நான் இங்கேர்ந்து நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

 பின்னால் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அக்கா, "மாமன் கையால வருதுன்னா எனக்கு வேற இன்னாடா வோணும்," என்றாள். 

அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹேமா பெரியவளானபோது மஞ்சள் நீர் சுற்ற, தட்டு எடுத்து முன்னால் நிற்க வேண்டியவன் நான். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதிலாகத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் நின்றார். அந்தப் படங்களை அக்கா எனக்கு அனுப்பவே இல்லை.

அதனால் அவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையால் அக்கா வீட்டுக்காரர் கன்னியப்பன் மாமா வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பாமல் நின்றுவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் வாங்கினால்தான் இனி அந்த வீட்டுக்கு மடிக்கணினி வரும். நான் வாங்காவிட்டால் யாருமே வாங்க மாட்டார்கள்.

2

நான் இருப்பது பெல்ஜியத்தில், ஆன்ட்வெர்ப் நகரத்தில். துறைமுகத்தில் கன்டெய்னர் சரிபார்க்கிற வேலை. கதவில் எழுதியிருக்கும் எண், பூட்டில் இருக்கும் முத்திரை எண், எங்கே அடிபட்டிருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது எல்லாவற்றையும் பார்த்துக் கையிலிருக்கும் கருவியில் ஏற்ற வேண்டும். திருவொற்றியூரில் பிறந்து, சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகளுக்குச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தவனுக்கு இது புதிய தொழில் அல்ல. அங்கே வியர்வை, இங்கே மழை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாரமே கடைக்குப் போனேன். கடைப் பையன் மரியாதையானவன். யாருக்கு என்று கேட்டான். அக்கா மகளுக்கு என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தினேன். இந்த ஊர் மொழியில் அக்கா மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரே சொல்தான். தாய்மாமன் என்றால் என்னவென்று அவனுக்கு விளக்க எனக்கு மொழி போதாது. "என் மகளுக்கு," என்றேன்.  பொய் சொன்ன மாதிரியும் இருந்தது, பாதி உண்மை சொன்ன மாதிரியும் இருந்தது.

ஒன்றைக் காட்டினான். சாம்பல் நிறம், எடை குறைவு, கையில் எடுத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி. அதையே வாங்கியிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இதைவிடப் புதியது வருமா?" என்று கேட்டேன்.

"செப்டம்பரில் வரும்," என்றான். "உள்ளே இருக்கும் சிப் மாறும். இதன் விலையும் அப்போது இறங்கலாம். இன்றைக்குத் தேவை என்றால் இன்றைக்கு வாங்குங்கள். இல்லையென்றால் பொறுங்கள்."

நேர்மையான பேச்சு. ஆனால் இன்றைக்குத் தேவையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? தேவைப்படுகிறவள் எர்ணாவூரில் இருக்கிறாள். வெறுங்கையோடு வெளியே வந்தேன். வந்தபோது ஏதோ புத்திசாலித்தனம் செய்துவிட்ட நிம்மதி வேறு.

அதிலிருந்து ஆரம்பித்தது. ஒரு நாள் கணினியை இயக்கும் மென்பொருளின் அடுத்த பதிப்பு வரப்போகிறது, அது பழைய இயந்திரத்தில் ஓடாமல் போகலாம் என்று படித்தேன். இன்னொரு நாள், முதல் மாதத்தில் வருகிற பதிப்பில் கோளாறு இருக்கும், இரண்டாவது திருத்தம் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் தள்ளுபடி வரும் என்றாள் என் மனைவி. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. காத்திருப்பதற்கு நியாயம் தேடினால் கிடைக்காமல் போவதே இல்லை, பாருங்கள்.

என் மகன் நவீனுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பேசினால் மனிதர்களையும் 'அது' என்பான். ஒரு நாள் நான் இரண்டு மாதிரிகளையும் தாளில் கோடு போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தான்.

"அப்பா, ஹேமா யாரு? சின்னதுல என் கன்னத்த கிள்ளினது, அதுவா?"

"அக்கான்னு சொல்லுடா."

"அக்கா. சரி. அது எப்ப வேலைக்குப் போகுது?"

"ஜூலைல."

"செப்டம்பர் லேப்டாப்ப ஜூலைல எப்படித் தருவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது.  சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கச் சொல்லி ஹேமாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவளும் கேட்டாள். அலுவலகத்தில், அடுத்த அணி ஆகஸ்டில் சேர்கிறது, அதில் வா என்றார்கள். சரி மாமா என்று ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்து நான் நிம்மதியானேன் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

3

காத்திருப்பது எனக்கு இந்த நாடு சொல்லிக்கொடுத்த பழக்கம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் பழுது பார்க்கும் ஒப்பந்தத்தில் வந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வேலை, வேறு அனுமதி அட்டை. புதிய அட்டைக்கு மனுப்போட்டால் பழையது முடிந்துவிடும், புதியது வராது. நடுவில் ஒரு தாள் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்யலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப வருவது உறுதியில்லை. எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் அம்மாள் சிரித்த முகத்தோடு, "உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது," என்பார். யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் வேறு வார்த்தை இல்லை.

ஒரு முறை, என் அட்டை காலாவதியாகிவிட்டது என்று அவரிடம் சொல்லப்போய், அட்டை என்ற சொல்லை விட்டுவிட்டு, நான் காலாவதியாகிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கணினியில் எதையோ பார்த்துவிட்டு, "இல்லை ஐயா, நீங்கள் இன்னும் செல்லுபடியாகிறீர்கள்," என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஹேமாவின் மஞ்சள் நீர் அந்தத் தாள் காலத்தில்தான் வந்தது. அட்டை வரட்டும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழா முடிந்து ஐந்தாம் நாள் வந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் பழக்கம் அதற்கும் முந்தையது. எங்கள் பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கன்னியப்பன் மாமா டிரெய்லர் ஓட்டுநர். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், வரிசையில் நிற்கும் அவருக்கு நான்தான் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோவேன். காலையில் எந்த டீக்கடைக்கு எதிரே வண்டி நின்றதோ, சாயங்காலமும் அதே கடைக்கு எதிரேதான் நிற்கும். மாமா ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குவார். முன்வண்டி நகர்ந்தால் எழுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்குவார். நான் கண்கொட்டாமல் முன்வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பார்வை எனக்குப் போகவே இல்லை போலிருக்கிறது.

4

ஜூலை கடைசியில் அக்கா மறுபடி கூப்பிட்டாள். அப்போது நான் டிராமில் இருந்தேன்.

"வாங்கிட்டியாடா?"

"பாத்துக்கினே இருக்கேன்கா. புதுசு ஒண்ணு வரப்போவுது..."

"எது வருது, எது போவுதுன்னு எனக்குத் தெரியாது சேகரு. வர்ற திங்கக்கெழம அவ போய் நிக்கணும். இதான் கடைசின்னு சொல்ட்டாங்க. அதுக்கப்புறம் வேற ஆளப் பாத்துக்குவாங்களாம். பொண்ணு இன்னா பண்ணுது தெரியுமா? தேரடிகிட்ட பிரவுசிங் சென்டர்ல போய் குந்திகினு பழகிக்கினு கீது. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற என் வாயக் கட்டி வெச்சுக்கீது."

"என்கிட்ட ஏன் சொல்லக்கூடாது?"

"மாமா மனசு கஷ்டப்படுமாம்."

எதிர் இருக்கையில் இருந்த கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகம் எப்படிப் போயிருந்ததோ.

கன்னியப்பன் மாமா போனை வாங்கினார். அவர் என்னிடம் பேசுவதே அபூர்வம்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. வரிசைல நிக்கும்போது முன்னாடி வண்டி நகருதா பாருன்னு உன்கிட்ட சொல்லிட்டுத் தூங்குவேன்ல. ஒரு நாளு நீ அதையே பாத்துக்கினு இருந்தே. முன்னாடி வண்டி பிரேக்டவுன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பக்கத்து வழில நூறு வண்டி பூட்சு."

"ஞாபகம் இருக்கு மாமா."

"அவ்ளோதான். வெச்சுடறேன்."

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரஹீம் ஊருக்குக் கிளம்புகிறான். ரஹீம் ராயபுரத்துக்காரன். எங்கள் துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டி தூக்கும் உயரமான வண்டி ஓட்டுகிறவன். தங்கை மகளின் நிக்காஹுக்குப் போகிறான். பதினெட்டு வயது தாண்டிய ஒருவர் ஒரு மடிக்கணினி கொண்டுபோனால் சுங்கத்தில் வரி இல்லை. அவன் தன்னுடையதை இங்கேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லி, அந்த இடத்தை எனக்காக மூன்று வாரமாகக் காலியாக வைத்திருந்தான்.

"இன்னா மாமு, வாங்கிட்டியா இல்லியா? நீ பண்றத பாத்தா, இந்த அலை வாணாம், அடுத்த அலைல குளிக்கிறேன்னு கரையிலயே நின்னுகினு இருக்கிற ஆளு மாதிரி கீது."

"நாளைக்கு வாங்கிடறேன்பா."

"நாளைக்கா? எந்த மாசத்து நாளைக்கு?"

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். அதே பையன். அதே சாம்பல் நிறம். விலையும் அதேதான். "செப்டம்பர் வரை பொறுக்கவில்லையா?" என்றான். "மகள் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள்," என்றேன். இந்த முறை பொய் சொன்ன மாதிரி இல்லை.

5

வெள்ளிக்கிழமை மடிக்கணினியோடு ரஹீமின் விமானம் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து, ஐந்து வாரமாகக் கோடு போட்டு வைத்திருந்த தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நவீன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வாங்கியாச்சா?"

"போயே போச்சு. இந்நேரம் வானத்துல இருக்கும்."

"கீபோர்ட் என்ன கேட்டு வாங்கினீங்க?"

"கீபோர்ட்ல என்ன இருக்கு? எல்லாத்துலயும் கீபோர்ட் இருக்கும்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "அப்பா, நம்ம ஊர்ல எழுத்து வேற இடத்துல இருக்கு. இந்தியாவுல இங்கிலீஷ் மாதிரி இருக்கும். இது அந்த மாதிரி இல்ல."

எழுந்துபோய் என் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். பதினான்கு வருடமாக நான் தட்டுகிற விசைப்பலகைகள் எல்லாம் இந்த ஊர்ப் பலகைகள். மேல்வரிசையில் முதல் எழுத்து க்யூ இல்லை, ஏ. இசட் இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூ. எல்லாவற்றையும்விட மோசம், எண்கள். இங்கே ஒன்று, இரண்டு, மூன்று அடிக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டுதான் அடிக்க வேண்டும். ஹேமாவின் வேலையே கன்டெய்னர் எண் அடிப்பது. நான்கு எழுத்து, ஏழு எண். நாள் முழுக்க எண்.

என் மகன் ஊரை மறந்துகொண்டிருக்கிறான் என்று நான் புலம்பாத நாள் இல்லை. என் விரல்கள் எப்போதோ மறந்துவிட்டன. அதை அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட, அவன் 'நம்ம ஊர்' என்று சொன்னது இந்த ஊரை.

சனிக்கிழமை மத்தியானம் ரஹீமிடமிருந்து குரல் செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே பேசியிருந்தான்.

"மாமு, கொண்டாந்து குடுத்துட்டேன். உங்கக்கா என்னச் சும்மா வுடல. மணப்பலக போட்டு, கெழக்க பாத்து பொண்ண குந்த வெச்சு, தாம்பாளத்துல பூவு, பழம், வெத்தல பாக்கு, நடுவுல உன் லேப்டாப்பு. எடுத்துப் பொண்ணு கையில குடுங்க பாய்னு சொல்ட்டாங்க. நான் இன்னா பண்றது, குடுத்துட்டேன். இனிமே நானும் தாய்மாமன்தான், சொல்ட்டேன். பொட்டிய மட்டும் தொறக்கல. திங்கக்கெழம காலைல நல்ல நேரத்துலதான் தொறப்பாங்களாம். அதுவரைக்கும் சாமிகிட்ட கீது."

இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை அந்தக் கடைசி வரி நெஞ்சில் இறங்கியது. திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள். பத்து மணிக்குச் சோதனை. அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். முதன்முதலாகப் பெட்டியைத் திறந்து, எழுத்துகள் இடம்மாறி நிற்பதைப் பார்க்கப்போகிறாள். எழுத்தைத் தேடித் தேடி அடித்துவிட்டு, வெறுங்கையோடு பேருந்து ஏறித் திரும்பப்போகிறாள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "தட்டப் பாத்தியாடா, போட்டோ அனுப்பினேனே. பக்கத்து வூட்டம்மா வந்து பாத்துட்டு, உன் தம்பி விட்டுக்குடுக்கலடின்னு சொல்லுது," என்றாள். அவ்வளவு சந்தோஷமான குரலில் அக்கா பேசி எத்தனையோ வருடமாகிறது. விசைப்பலகை விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

6

திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒருவேளை அவளே சமாளித்துக்கொள்வாள். இப்போது சொன்னால் பயம்தான் வரும். சொல்லாவிட்டால் இரண்டு நாளாவது நிம்மதியாக இருப்பாள். இப்படி நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் நவீன்தான் காலணியை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா, நீங்க மறுபடி வெயிட் பண்றீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, தேங்க்ஸ் மாமா. பொட்டி மேல படத்துலயே கலர் சூப்பர். அம்மா பொட்டிக்கே மஞ்சக் குங்குமம் வெச்சுட்டாங்க."

"ஹேமா, மாமா ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா."

சொன்னேன். எந்த எழுத்து எங்கே இருக்கிறது, எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும், எல்லாம் என் மடிக்கணினியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். 

"அம்மாகிட்ட சொல்லி இப்பவே தொறந்து பாரும்மா. இல்லன்னா அப்பாவ இன்னிக்கே போய் அங்கயே வேற ஒண்ணு வாங்கச் சொல்லு. நான் பேசறேன்."

"அய்யோ, வேணாம் மாமா. அம்மா தாங்க மாட்டாங்க," என்றாள். "ஒண்ணு கேக்கறேன். கீ எல்லாம் அதே எடத்துலதான இருக்கு? மேல எழுதி இருக்கிறதுதான மாறி இருக்கு?"

"ஆமா... அப்படித்தான்."

"காலடிப்பேட்டைல நான் டைப்ரைட்டிங் போனேன் மாமா. லோயர், ஹையர் ரெண்டும். அங்க மாஸ்டர் கீ மேல இருக்கிற எழுத்தெல்லாம் கறுப்பு பெயின்ட் அடிச்சு அழிச்சிருப்பாரு. குனிஞ்சு பாத்தா ஸ்கேல்ல ஒண்ணு வெப்பாரு. கீழ பாக்கறவன் கிளார்க், மேல பாக்கறவன்தான் டைப்பிஸ்ட்னுவாரு. நான் கீயப் பாத்து அடிச்சதே இல்ல. உள்ள மட்டும் இங்கிலீஷ் கீபோர்டுனு மாத்த முடிஞ்சா, மேல இன்னா எழுதியிருந்தா எனக்கு இன்னா?"

"மாத்த முடியுமா?"

"தெரியல மாமா. நான் மாத்துனதில்ல. பிரவுசிங் சென்டர்ல எல்லாம் ரெடியா இருக்கும்."

அந்தத் 'தெரியல'யில் என் பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த நவீன் கையை நீட்டினான். "நம்பர் குடுங்க. அந்த அக்கா நம்பர்."

அதுவரை அவன் அந்த எண்ணைக் கேட்டதே இல்லை. அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உடைந்த தமிழும் பாதி ஆங்கிலமும் கதவு வழியாகக் கேட்டன. "செட்டிங்ஸ் போ... இல்ல, அது இல்ல, கீழ... ஆமா, அத தள்ளு." தன் கணினித் திரையைப் படம் எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறான். பெட்டியைத் திறக்காமலே, படத்தைப் பார்த்தே அவளுக்குப் பாடம்.

திங்கட்கிழமை அங்கே பத்து மணி என்றால் இங்கே ஆறரை. காலை ஷிப்டுக்கு டிராமில் போய்க்கொண்டிருந்தேன். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. பெட்டிகளுக்கு நடுவில் நின்று, ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்றிவிட்டேன். கருவி சிவப்பாகக் கத்தியது. எட்டு மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.

"முடிஞ்சிடுச்சு மாமா. எடுத்துக்கிட்டாங்க. எடது பக்கம் ஷிஃப்ட் கொஞ்சம் சின்னதா இருக்கு, அதான் ரெண்டு எடத்துல தப்பாச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு என் கீபோர்டப் பாத்துட்டு, நீ எந்த ஊருன்னு கேட்டுச்சு."

7

செப்டம்பரில் அந்தப் புதிய மாதிரி வந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். டிராம் அந்தத் தெருவில் திரும்பும்போது தெரியும். முதல் வாரம் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் கண் போகவில்லை.

போன மாதம் ஹேமாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "மாமா, இன்னிக்கு நான் காகிதம் போட்ட பொட்டி உங்க ஊருக்கு வருது." கீழே நான்கு எழுத்து, ஏழு எண். நாள் தெரியாது, கப்பல் பெயர் தெரியாது. அந்த எண்ணைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பயம்தான். ஓர் எண் தப்பாக விழுந்தால் பெட்டி எங்கள் துறைமுக வாசலில் எப்படி முடங்கிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது. அவசரத்தில் ஒன்றை மாற்றி அடித்திருந்தால், அந்தச் சின்ன ஷிஃப்ட் விசை ஏமாற்றியிருந்தால்.

இன்று காலை அது வந்தது. மழையில், மூன்றாவது வரிசையில், பழுப்பு நிறப் பெட்டி. கருவியில் வந்த காகித விவரத்தையும் சட்டைப்பைத் தாளையும் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான்கு எழுத்து. ஆறு எண். கட்டத்துக்குள் இருக்கும் ஏழாவது எண். முத்திரை எண். எதிலும் பிசகில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

பக்கத்து வழியில் ரஹீமின் வண்டி வந்து நின்றது. மேலேயிருந்து கண்ணாடியை இறக்கினான்.

"இன்னா மாமு, பொட்டியக் கும்புட்றியா?"

"ஹேமா அனுப்பினதுடா."

அவன் எட்டிப் பெட்டியைப் பார்த்தான். பிறகு, "அப்ப கொஞ்சம் ஒத்திக்கோ," என்றான். "நானும்தான தாய்மாமன். நானே தூக்கறேன்."